ஆறாவது அட்டை

நரங்பா. டிசம்பர். இரவு இரண்டே கால்.
போவனிலிருந்து லாரியில் வந்த மாம்பழங்கள்
இரண்டு ஆள் தடிமன் கான்கிரீட் சுவருக்குள் போய்
வெளியே வந்திருந்தன.
போனபோது இருந்த அதே மஞ்சள்,
அதே காம்புப் பால் வாசம்,
தொட்டால் அதே குளிர்.

இந்த வேலையின் சங்கடமே அதுதான்.
உப்பிட்டது சுருங்கும், புகையிட்டது மணக்கும்,
சமைத்ததைக் கண் மூடியும் சொல்லலாம்.
கதிர் பட்ட பழம் எதையும் காட்டிக்கொடுக்காது.
உள்ளே இருக்கும் முட்டை
இனி ஒருநாளும் ஈயாகிப் பறக்காது என்பது
பழத்துக்கும் தெரியாது,
முட்டைக்கும் தெரியாது.

நாத்தனார் ஜெயரூபி ஒருமுறை கேட்டாள்,
"அதைத் தின்றால் நாமும் ஒளிர்வோமோ?"
கொடியில் காய்ந்த துண்டு
வெயிலை வைத்திருக்குமா என்றேன்.
"சூட்டை வைத்திருக்குமே" என்றாள்.
அவளிடம் நான் ஜெயித்ததே இல்லை.

எனவே பேலட்டுக்கு ஆறு அட்டை.
கட்டைவிரல் நகமளவு படலம்.
கதிர் விழ விழக் கறுக்கும்.
கறுப்பைக் கருவியில் வைத்து எண்ணாகப் படிப்பேன்.
நூற்றைம்பது கிரேக்குக் குறையக் கூடாது,
ஆயிரத்தைத் தாண்டக் கூடாது.
எண் இருந்தால் பழம் கடல் தாண்டும்.

பதினேழாம் பேலட்டில் ஐந்துதான் இருந்தன.

வாரன் மண்டியிட்டுத் தேடினான்.
நான் பெட்டி பெட்டியாக இறக்கினேன்,
தொண்ணூற்றாறு பெட்டி.
கேமராத் திரையில்
கோபால்ட் தண்ணீருக்கு அடியில் இறங்கி
நீலமாக, தன் பாட்டுக்கு இருந்தது.
வெளியே இடி. ஆக்லாந்து சரக்கு ஐந்து மணிக்கு.
"இன்னொரு முறை உள்ளே விடலாமே" என்றான்.
விதி தெரிந்துதான் சொன்னான்,
களைப்பில் சொன்னான்.
ஒருமுறை பட்டதற்கு மறுமுறை கிடையாது.

விடிந்ததும் தோட்டக்காரர் ஹாஸ்லம் ஃபோனில்:
"உள்ளே போனதைப் பார்த்தாயா?"
பார்த்தேன்.
"வெளியே வந்ததை?"
பார்த்தேன்.
"அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவென்றால், மிஸ்டர் ஹாஸ்லம்,
என் கண்ணுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கதிர் பட்டது என்று அனுப்பச் சான்று போதாது.
படாதது என்று பிரிஸ்பேன் சந்தையில் விற்றால்
அது பொய்.
பட்டதுமில்லை, படாததுமில்லை.
அப்படி ஒரு பழத்துக்கு
இந்த நாட்டில் ஸ்டிக்கர் இல்லை.

அவர் வைதுவிட்டு வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பின்னால் ஒரு நாய்.
"இந்த வருஷம் நல்ல பழம்" என்றார்.

குழியில் கொட்டியது நானும் வாரனும்தான்.
ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தேன்,
கடிக்கக் கூடாது.
நார் இல்லை. கன்னமெல்லாம் சாறு.
மதியத்துக்குள் ஈ மொய்த்தது.
எல்லாம் வெளியிலிருந்து வந்த ஈ.

வியாழக்கிழமை
ஃபோர்க்லிஃப்டைக் கழுவியவன்
அதன் முள்ளடியில் ஒட்டியிருந்ததை
நகத்தால் சுரண்டிக் கொண்டுவந்தான்.
கிரீஸைத் துடைத்தேன். ஆறாம் எண்.
கறுத்திருந்தது,
நன்றாகவே கறுத்திருந்தது.

கருவியில் வைத்தேன். இருநூற்று முப்பத்தொன்று.
கிரீஸ் பட்ட அட்டையின் எண் செல்லாது,
அது எனக்குத் தெரியும்.
என்றாலும் மூன்று முறை வைத்துப் படித்தேன்,
மூன்று முறையும் அதே.

படிவத்தை எப்போதோ மூடியாகிவிட்டது.
ஓரத்தில், துளையிட்ட பக்கமாக,
பென்சிலால் எழுதி வைத்தேன்:
231.
ஹாஸ்லமுக்குச் சொல்லவா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
வெள்ளிக்கிழமை அவருடைய அடுத்த லாரி வருகிறது.